டர்பனிலிருந்து டிராகன்ஸ்பர்க்: அப்பா, அம்மா, மாமியார், 2 குழந்தைகள், 4 நாள். சரிப்படுமா?

தல்லாகுளம்_டு_டர்பன்

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபர் பள்ளி விடுமுறையில் டிராகன்ஸ்பர்க் மலைப் பக்கம் காரில் போகலாம் என்று இருக்கிறோம். மதுரையிலிருந்து அப்பா (71), அம்மா (66) வந்திருக்கிறார்கள், கூடவே என் மாமியாரும் (62). நாங்கள் இரண்டு பேர், மகளுக்கு 6 வயது, மகனுக்கு இரண்டேகால். ஆக மொத்தம் 7 பேர். வந்து ஐந்து வாரமாக பீச், மால், கோயில், மறுபடி மால் என்றே போகிறது. அப்பா பால்கனியில் உட்கார்ந்து துறைமுகத்துக்கு வெளியே நிற்கிற கப்பல்களை எண்ணிக்கொண்டிருக்கிறார், நேற்று 14 என்று சொன்னார். பார்க்கவே பாவமாக இருக்கிறது.

என் திட்டம் இது. முதல் நாள் டர்பன் - அண்டர்பர்க், அங்கிருந்து சானி பாஸ் என்கிற மலைக் கணவாய் ஏறி இறங்குவது. இரண்டாம் நாள் ஷாம்பெயின் வேலி. மூன்றாம் நாள் ராயல் நேட்டால் பூங்கா பார்த்துவிட்டு கோல்டன் கேட் மலைப் பூங்கா வழியாக கிளாரென்ஸ். நான்காம் நாள் கிளாரென்ஸிலிருந்து நேராக வீடு. மேப்பில் பார்த்தால் எல்லாம் பக்கம் பக்கமாகத்தான் தெரிகிறது.

அப்பாவுக்கு பிபி மாத்திரை, அது போட்டால் மணிக்கு ஒரு தடவை பாத்ரூம். அம்மாவுக்கு முழங்கால். மாமியார் புரட்டாசி முழுக்க முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டார். மகன் வளைவு வந்தால் வாந்தி எடுப்பான். 7 சீட் எர்டிகா ஒன்று வாடகைக்குப் பேசியிருக்கிறேன். போய் வந்தவர்கள் சொல்லுங்கள், இது நடக்குமா?

மாரிட்ஸ்பர்க்அக்கா

நடக்கும், ஆனால் திரும்பி வரும்போது ஏழு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசமாட்டீர்கள் 😄

தம்பி, நான் திருச்சி. இங்கே வந்து 11 வருடம் ஆகிறது. என் மாமனார் மாமியாரை மூன்று தடவை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன், அதில் முதல் தடவை உங்களைப் போலவே நான்கு நாளில் நான்கு ஊர். ஒவ்வொரு நாளும் காலையில் பெட்டி கட்டி, பால் பாட்டில் கழுவி, சாவியைக் கொடுத்துவிட்டு, ராத்திரி புது ஊரில் மறுபடி அதே பெட்டியைப் பிரித்து, பையனுக்குப் புது இடத்தில் தூக்கம் வராமல், மாமனாருக்கு ராத்திரி எழுந்தால் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று தெரியாமல்... மலையைப் பார்த்த ஞாபகமே இல்லை, பெட்டி கட்டினதுதான் ஞாபகம் இருக்கிறது.

ஒரே இடத்தில் மூன்று ராத்திரி தங்குங்கள். ஷாம்பெயின் வேலியே போதும். வின்டர்டன் தாண்டி ஆர்600 ரோட்டில் போனால் சமையலறையோடு ஷாலே (தனித்தனி விடுமுறை வீடு) நிறைய கிடைக்கும், தரைத்தளம்தான் வேண்டும், படி இருக்கக் கூடாது, ஷவருக்குள் ஏறி இறங்குகிற மேடு இருக்கக் கூடாது என்று போன் பண்ணிக் கேட்டு எடுங்கள், இணையத்தில் போட்டிருக்கிற படத்தை நம்பாதீர்கள். குக்கரும் அரிசியும் கொண்டு போனால் உங்கள் மாமியார் பிரச்சினை முடிந்தது. வழியில் வின்டர்டனில் காய்கறி, பால், தயிர் எல்லாம் வாங்கலாம். பருப்பு, புளி, பெருங்காயம் மட்டும் வீட்டிலிருந்து.

வண்டி விஷயம். எர்டிகாவில் ஏழு பேர் உட்காரலாம், ஏழு பேரின் பெட்டி உட்காராது. கடைசி வரிசையை நிமிர்த்தினால் பின்னால் இரண்டு பைக்குத்தான் இடம். அதோடு 3 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் கார் சீட் கட்டாயம், 2015 முதல் சட்டம். மகளுக்கும் ஒரு பூஸ்டர் போடுங்கள், சட்டத்துக்காக இல்லை, உயரமாக உட்கார்ந்தால்தான் அவளுக்கு ஜன்னல் தெரியும், ஜன்னல் தெரிந்தால்தான் ‘எப்போ வரும்’ என்று கேட்காமல் இருப்பாள். இரண்டு சீட்டும் நடு வரிசையில் மாட்டிவிட்டால் கடைசி வரிசைக்கு யார் எப்படி ஏறுவது? முழங்கால் வலிக்கிற அம்மாவா? பெரிய கோம்பியாக (வேன்) எடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கார் ஒன்று, வாடகைக் கார் ஒன்று என்று இரண்டாகப் போங்கள். எங்களுக்கு இரண்டு காரில் போனதுதான் சரியாக இருந்தது. சண்டை வந்தால் ஆளை மாற்றிக்கொள்ளலாம்.

டர்பனிலிருந்து நிற்காமல் போனால் 3 மணி நேரம். நீங்கள் 5 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் அப்பா கூச்சப்படாமல் ‘நிறுத்து’ என்று சொல்வார். மாமனார் முதல் தடவை சொல்லாமலேயே அடக்கிக்கொண்டு வந்தார், எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. எங்கள் மாரிட்ஸ்பர்க்கில் முதல் நிறுத்தம் போடுங்கள். ரயில்வே ஸ்டேஷனில் காந்தியை 1893 ஜூன் 7 ராத்திரி முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கிவிட்ட இடத்தில் கல்வெட்டு இருக்கிறது, அப்பாவுக்குப் பிடிக்கும். அடுத்தது ஹௌவிக் அருவி. 95 மீட்டர், காரை நிறுத்திவிட்டு நாலு எட்டு வைத்தால் தடுப்புக் கம்பி, அங்கிருந்தே முழுசாகத் தெரியும். அம்மாவின் முழங்காலுக்கு ஏற்ற அருவி இந்த மாகாணத்திலேயே அதுதான்.

எங்கள் ஊரைத் தாண்டியதும் டவுன் ஹில் ஏற்றம், லாரிகள் ஊர்ந்து போகும், மேலே ஹில்டன் பக்கம் மூடுபனி வந்தால் எதிரே ஒன்றும் தெரியாது. அவசரம் காட்டாதீர்கள். ராத்திரி ஓட்டாதீர்கள், உள்ரோட்டில் குழியும் மாடும் ஒரே நிறம்.

பைன்டவுன்_பையன்

எதற்கு இவ்வளவு தூரம்? தவுசண்ட் ஹில்ஸ் பள்ளத்தாக்கு பக்கத்திலேயே இருக்கிறதே. காலையில் போய் டீ குடித்துவிட்டு மத்தியானம் வீட்டில் தூங்கலாம்.

தல்லாகுளம்_டு_டர்பன்

@பைன்டவுன்_பையன் அங்கே இரண்டு தடவை போய்விட்டோம் பாஸ். அப்பா ‘நம்ம சிறுமலை மாதிரி இருக்கு’ என்று சொல்லிவிட்டார், அதற்கு மேல் என்ன செய்ய.

@மாரிட்ஸ்பர்க்அக்கா ரொம்ப நன்றி அக்கா. வண்டியை மாற்றிவிடுகிறேன். ஆனால் சானி பாஸை மட்டும் விட மனசில்லை. அவ்வளவு தூரம் போய்...

சுன்னாகம்_ஜோபர்க்

வணக்கம். சானி பற்றி நான் சொல்லலாம், போன வருடம் எங்கள் அம்மம்மா இல்லாமல் போனோம், அதற்கு முதல் வருடம் அம்மம்மாவோடு போகப் பார்த்து அடிவாரத்திலேயே திரும்பினோம்.

முதலாவது, தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடிக்கு மேலே 4x4 இல்லாத வாகனத்தை விடமாட்டார்கள். எர்டிகாவோ கோம்பியோ சரிவராது. அண்டர்பர்க், ஹிமவில்லில் லேண்ட் ரோவரில் கூட்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அதில்தான் போக வேண்டும். இரண்டாவது, மேலே இருப்பது லெசோத்தோ, வேறு நாடு. கடவுச்சீட்டு வேண்டும், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் கையில் வைத்திருங்கள். உங்கள் பெற்றோரின் தென்னாப்பிரிக்க விசா ஒரு முறை நுழைவதற்கா, பல முறையா என்று வடிவாகப் பாருங்கள். ஏறிப் போய் ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு இறங்கும்போது ‘மறுபடி உள்ளே வர முடியாது’ என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? லெசோத்தோவுக்கு விசா வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மூன்றாவது, உச்சி 2876 மீட்டர். உங்கள் தொட்டபெட்டாவே 2637தான். பிபி மாத்திரை போடுகிற 71 வயதுக்காரரைக் கடல் மட்டத்திலிருந்து ஒரே நாளில் அங்கே ஏற்றுவதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள். கல்லும் சரளையுமாகக் கொண்டை ஊசி வளைவுகள், உங்கள் சின்னவருக்கு வாந்தி என்று வேறு சொல்கிறீர்கள்.

ஆனால் அழகு இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். அப்படி ஒரு இடம். என் யோசனை, சானியைத் தனியாக, நீங்களும் மனைவியும் வேறொரு நாள் போங்கள். பெரியவர்கள் வந்திருக்கிற நேரத்தில் பிள்ளைகளை அவர்களிடம் விட்டுவிட்டுப் போகலாமே!

இன்னொன்று, ஷாம்பெயின் வேலியில் புதன்கிழமை பின்னேரம் டிராகன்ஸ்பர்க் சிறுவர் பாடகர் பள்ளியில் கச்சேரி நடக்கும், பள்ளி நடக்கிற காலத்தில் மட்டும். நீங்கள் விடுமுறையில் போகிறீர்கள், கிடைக்காது. அதற்குப் பதில் ஃபால்கன் ரிட்ஜில் பருந்து, ஆந்தையெல்லாம் பறக்கவிட்டுக் காட்டுவார்கள், உட்கார்ந்தே பார்க்கலாம்.

சாட்ஸ்வொர்த்_தாத்தா

தம்பிக்கு வணக்கம். நான் இங்கேயே பிறந்தவன், நான்காம் தலைமுறை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கற்ற தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்கள் ரோடு பற்றியும் வண்டி பற்றியும் சொல்லிவிட்டார்கள். நான் கிளாரென்ஸ் பற்றி மட்டும் சொல்கிறேன். அது ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் இருக்கிறது, நம் டர்பன் இருக்கிற நேட்டாலில் இல்லை. என் வயதுள்ள இந்தியர் யாரிடமும் ஃப்ரீ ஸ்டேட் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். அங்கே இந்தியர் குடியிருக்கக் கூடாது என்று 1891இல் சட்டம் போட்டார்கள், அது 1986 வரை இருந்தது. கடந்து போகலாம், தங்கக் கூடாது.

எங்கள் பெரியப்பா ஜோஹன்னஸ்பர்க்கில் இருந்தார். அங்கே கல்யாணம், காரியம் என்றால் அப்பாவின் கோம்பியில் பதினோரு பேர் போவோம். ஆயா (எங்கள் பாட்டி) முதல் நாள் ராத்திரியே ரொட்டி சுட்டு, உருளைக்கிழங்குக் கறி, சுகர் பீன்ஸ் கறி, உப்புப் போட்டு அவித்த மடும்பி (சேப்பங்கிழங்கு) எல்லாம் டின்னில் போட்டுத் துணியால் கட்டிவிடுவாள். வெள்ளைக்காரர் இதை பாட்கோஸ் என்று சொல்லி ஆசையாகச் சாப்பிடுவார்கள். எங்களுக்கு அது ஆசை இல்லை, வழியில் எங்களை உட்காரவைத்துச் சோறு போடுகிற கடை இல்லை. வான் ரீனன் கணவாய் ஏறி ஹாரிஸ்மித் வந்ததும் அப்பா பேச்சை நிறுத்திவிடுவார். பெட்ரோலுக்கு மட்டும் நிற்பார். நாங்கள் மூத்திரம் என்று அழுதால் ‘வால் ஆறு தாண்டட்டும்’ என்பார், அதுதான் ஃப்ரீ ஸ்டேட்டின் அந்தப் பக்க எல்லை. வால் ஆறு எவ்வளவு தூரம் என்று மேப்பில் பாருங்கள் தம்பி. ஆயா சின்னவர்களுக்கு ஒரு காலி டின் வைத்திருந்தாள். பெரியவர்கள் அடக்கிக்கொண்டு வந்தார்கள். மாரிட்ஸ்பர்க் தங்கச்சி தன் மாமனாரைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்கு ஆயாதான் ஞாபகம் வந்தாள்.

மலையும் அப்படித்தான். டிராகன்ஸ்பர்க்கில் ஹோட்டல்கள் இருந்தன, எங்களுக்கு இல்லை. எஸ்ட்கோர்ட் தாண்டும்போது இடது பக்கம் நீலமாகத் தெரியும், ஆயா ‘அதோ பார், அதோ பார்’ என்பாள், அவ்வளவுதான். அவள் போய்ச் சேரும் வரைக்கும் அந்த மலையை ரோட்டிலிருந்துதான் பார்த்தாள்.

நானும் என் வீட்டுக்காரியும் கிளாரென்ஸில் முதல் முதலாகத் தங்கியது 1997இல். மூன்று ராத்திரி. ஒன்றும் செய்யவில்லை. கோல்டன் கேட்டில் அந்த மஞ்சள் பாறை சாயங்கால வெயிலில் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தோம். அதனால் சொல்கிறேன், போனால் இருங்கள். நாங்கள் ஓட வேண்டியிருந்த ஊரில் நீங்கள் எதற்கு ஓடுகிறீர்கள்?

ராயல் நேட்டாலுக்கு வேண்டுமானால் ஷாம்பெயின் வேலியிலிருந்து ஒரு பகல் போய் வரலாம். ஆம்ஃபிதியேட்டர் என்று 5 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே சுவராக மலை நிற்கும். புல்லில் நாற்காலி போட்டுப் பார்த்தால் போதும், ஏற வேண்டாம். துகேலா அருவி 948 மீட்டர் என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள், ஆனால் அது தூரத்தில் ஒரு வெள்ளை நூல், மழை இன்னும் சரியாகப் பிடிக்காத அக்டோபரில் அந்த நூல்கூடச் சந்தேகம். உங்கள் ஊர்க் குற்றாலம் மாதிரி நினைத்துக்கொண்டு துண்டு எடுத்துப் போகாதீர்கள்.

ஸ்வெட்டர் எடுங்கள். 2024இல் செப்டம்பர் கடைசிப் பக்கம் வான் ரீனனில் பனி கொட்டி என்3 ரோடே மூடிவிட்டது, ஜனங்கள் ராத்திரி முழுக்கக் காரிலேயே கிடந்தார்கள். வசந்தம் என்று நம்ப முடியாது. அப்புறம் பபூன் குரங்கு. ஷாலே கதவு, ஜன்னல், கார்க் கண்ணாடி எல்லாம் மூடி வையுங்கள்.

மாரிட்ஸ்பர்க்அக்கா

அங்கிள், உங்கள் ஆயா கதையைப் படித்துவிட்டு ஆபீஸில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறேன். இதையெல்லாம் எங்காவது எழுதி வையுங்கள்.

தம்பி, முடிவு என்ன ஆயிற்று?

தல்லாகுளம்_டு_டர்பன்

(மூன்று வாரம் கழித்து) போய் வந்துவிட்டோம்! தாமதத்துக்கு மன்னிக்கவும், அப்பா அம்மாவை ஏர்போர்ட்டில் ஏற்றிவிட்டு இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன்.

சானி இல்லை, கிளாரென்ஸ் இல்லை. ஷாம்பெயின் வேலியில் 3 ராத்திரி, இரண்டு கார். அப்பாவுக்கு முதலில் ஒரே வருத்தம், ‘அவ்வளவு செலவு பண்ணி ஒரே இடத்திலா’ என்று. தாத்தா எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் ‘அவர் ஊரு எதுன்னு கேளு, இங்க வர்றதுக்கு முன்னாடி’ என்றார். தாத்தா, உங்கள் முன்னோர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று தெரிந்தால் சொல்லுங்கள், அப்பாவுக்கு அனுப்ப வேண்டும்.

மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் பத்து நிமிடம் என்று போனோம், முக்கால் மணி ஆகிவிட்டது. அப்பா கல்வெட்டை இரண்டு தடவை படித்தார். ‘ஜூன் மாசம்னா இங்க குளிர்காலம்ல?’ என்று கேட்டுவிட்டு பிளாட்பாரம் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். மகள் பிளாட்பாரத்தில் நொண்டி ஆடினாள். மண்டேலாவைப் போலீஸ் கைது செய்த இடத்துக்கு (1962 ஆகஸ்ட் 5, ஹௌவிக் தாண்டி ஆர்103 ரோட்டில்) திரும்பும்போதுதான் போனோம், போகும்போது பையன் தூங்கிவிட்டான், தூங்குகிற பையனை எழுப்புவதற்கு எந்தத் தலைவரும் காரணம் ஆக முடியாது என்று மனைவி சொல்லிவிட்டாள். அங்கே அவர் சிலை என்பது 50 இரும்புத் தூண், ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்றால் மட்டும் முகம் தெரியும். மகள் முன்னாடி ஓடி ஓடி ‘வந்துட்டார், போய்ட்டார், வந்துட்டார்’ என்று கத்திக்கொண்டே இருந்தாள். அம்மா அவ்வளவு தூரம் நடக்க முடியாமல் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள், அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

ஷாலேயில் நடந்ததுதான் பயணமே. புல் பாதி கருகிக் கிடந்தது, பாதியில் பச்சை முளைத்திருந்தது. எதிரே கேத்கின் சிகரம். அம்மாவும் மாமியாரும் காலையில் காப்பியோடு வாசலில் உட்கார்ந்தால் பத்து மணி வரைக்கும் எழுந்திருக்க மாட்டார்கள். கல்யாணம் ஆகி 8 வருடத்தில் அவர்கள் இரண்டு பேரும் அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை. என்னைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள் என்று நினைக்கிறேன், நான் போனால் நிறுத்திவிடுவார்கள்.

இரண்டாம் நாள் மூன்று மணிக்கு இடி. மலை மேலே கறுத்துக்கொண்டு வந்தது, அரை மணி நேரத்தில் ஆலங்கட்டி. பையன் பயந்து அப்பா வேட்டிக்குள் போய் ஒளிந்துகொண்டான். மறுநாள் ராயல் நேட்டால், தாத்தா சொன்னது போல நாற்காலிதான். வெள்ளை நூல் தெரிந்தது, மெல்லிசாக.

பபூன் விஷயத்தில் எச்சரிக்கை இருந்தும் கோட்டை விட்டேன். சமையலறை ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்திருந்தோம், ஒரு பெரிய ஆண் குரங்கு கையை விட்டு மாமியாரின் முறுக்கு டப்பாவை எடுத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்து மூடியைத் திருகித் திறந்து சாப்பிட்டது. என் மகளுக்கு இன்னும் அந்த மூடியைத் திறக்க வராது. மாமியார் செருப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார், நாங்கள் மூன்று பேர் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று.

கடைசியாக ஒரு சந்தேகம். பையன் போகும்போது இரண்டு தடவை, வரும்போது ஒரு தடவை கார் சீட்டில் வாந்தி எடுத்தான். உறையைக் கழற்றி மூன்று தடவை துவைத்தாயிற்று, அடியில் இருக்கிற பஞ்சு நாற்றம் போகவில்லை. என்ன செய்வது?

மாரிட்ஸ்பர்க்அக்கா

ஆப்ப சோடா. பஞ்சு மேல் நன்றாகத் தூவி ராத்திரி முழுக்க விடுங்கள், காலையில் தட்டிவிட்டு வெயிலில் வையுங்கள். போகாவிட்டால் மறுபடி ஒரு தடவை.

சாட்ஸ்வொர்த்_தாத்தா

எங்கள் முன்னோர் வந்த கப்பல் பதிவில் வட ஆற்காடு என்று இருக்கிறது தம்பி, ஊர்ப் பெயர் சரியாகப் படிக்க முடியவில்லை. படம் எடுத்து அனுப்புகிறேன், அப்பாவிடம் காட்டிப் பாருங்கள்.